மர்கோனோவின் மெதுவான குரல்

ஜாவாக்காரர்களிடம் சாப்பிடுவதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. கூட்டாளியோடு பேசும்போது ஒன்று. தன்னைப் பற்றிப் பணிவாகச் சொல்லிக்கொள்ள ஒன்று. பெரியவர்கள் சாப்பிடுவதைச் சொல்ல ஒன்று. அந்த மூன்றாவது சொல் 'தஹார்'. விருந்தாளியைப் பார்த்து அதைச் சொல்வது மரியாதை. அதையே ஒருவன் தனக்குப் போட்டுக்கொண்டால், தமிழில் 'நான் அமுது செய்தருளினேன்' என்று சொன்ன கதைதான். சின்னப் பிள்ளை சொன்னால் சிரித்துத் திருத்துவார்கள். சொன்னது பாக் மர்கோனோ, அதாவது மர்கோனோ ஐயா. அதுவும் கையில் மைக்கோடு, கல்யாணப் பந்தலில், அறுநூறு விருந்தாளிகளுக்கு முன்னால்.

மர்கோனோ ஒரு பம்பிவாரா. கல்யாணத்தை உயர்ந்த ஜாவா மொழியில் மைக்கில் பேசி நடத்திவைப்பவர். கிளாத்தென் வட்டாரத்தில் பதினேழு வருடமாக அந்த வேலை. அங்கே விருந்தாளி நாற்காலியை விட்டு எழுவதில்லை. முதலில் தேநீர், பிறகு சூப், பிறகு சோறு, பிறகு ஐஸ், பிறகு வீடு. ஊர்ப் பையன்கள் தட்டுகளைத் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார்கள். எந்தத் தட்டு எப்போது கிளம்ப வேண்டும் என்பது பம்பிவாராவின் பேச்சைப் பொறுத்தது. சமையற்கட்டு தயாராகும்வரை அவர் பேச்சை இழுக்க வேண்டும், தயாரானதும் நிறுத்த வேண்டும். இதில் மர்கோனோவுக்கு நிகர் யாருமில்லை. அவர் குரல் அவ்வளவு மெதுவானது. "எருமை நடக்கிற மாதிரி. ஆனா நகை போட்ட எருமை" என்பான் ஒலிபெருக்கிக்காரன் ஜார்வோ.

ஜாவா ஆண்டின் கடைசி மாதமான பெசாரில், அந்தக் கல்யாணம் டெலாங்குவுக்குத் தெற்கே ஓர் அரிசி ஆலைக்காரர் வீட்டில் நடந்தது. சோறு வரும் நேரம். மர்கோனோ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கூச்சப்படாமல் சாப்பிடுங்கள், எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், நாங்கள் முன்பே சாப்பிட்டாயிற்று. விருந்தாளிக்குப் போட வேண்டிய சொல்லை அவர் தனக்குப் போட்டுக்கொண்டார். முன்வரிசையில் ஓர் அம்மாள் விசிறியால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் அதுகூடச் செய்யவில்லை. திருத்திச் சொல்லலாமென்று மர்கோனோ மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே சொல் வந்தது.

கை நடுங்கி மைக் கோட்டுப் பொத்தானில் இடித்தது. அந்த டக் டக் சத்தம் பந்தலின் நான்கு மூலையிலும் கேட்டது. தலைக்கு மேலிருந்த குழல் விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அவர் காதில் இரைந்தன. சட்டைக் கழுத்து முள்ளாகக் குத்தியது. எப்படியோ சோறு பரிமாறி முடிந்தது. ஐஸுக்கு அழைப்புச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் திறந்தது, சொல் வரவில்லை. இடது கை தானாக மடங்கியது. முதலில் பிளாங்கோன் தலைப்பாகை விழுந்தது, பிறகு அவர் விழுந்தார்.

"ஏதோ எறங்கிடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு கிழவர் ஓதத் தொடங்கினார். ஜார்வோ கம்பிகளைத் தாண்டி ஓடி வந்து, துள்ளுகிற உடம்பை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டான். அது அடங்கியதும் தன் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். அவருடைய மனைவி ருஸ்மினி பின்னால் உட்கார்ந்து, வழி முழுவதும் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள்.

அவருக்குள் எதுவும் இறங்கவில்லை. பதினோரு வருடமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்த ஒன்றை அவர் ஒரே நாளில் நிறுத்தியிருந்தார்.

மர்கோனோ பகல் வேலையாக நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மைக்கைப் பிடித்த முதல் ஆறு வருடமும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டர் ஹர்தோயோ என்ற வயதானவரிடம் போனார். அவர் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று எழுதிக்கொடுத்தார். அல்பிரசோலம் என்று பெயர். மேடைக்கு அரைமணி முன்னால் ஒன்று. முதல் தடவை போட்டுக்கொண்டு நின்றபோது உலகம் பஞ்சில் சுற்றிவைத்ததுபோல இருந்தது. சொற்கள் அவசரமில்லாமல் வந்து வரிசையில் நின்றன. அன்றைக்குத்தான் அந்த மெதுவான குரல் பிறந்தது. ஒரு வருடத்துக்குள் கல்யாணமில்லாத நாட்களிலும் மாத்திரை தேவைப்பட்டது. பிறகு காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. பிறகு அதற்கும் மேல்.

ஊர் வேறு கதை சொன்னது. மர்கோனோ ஊற்றங்கரையில் நாற்பது நாள் நோன்பிருந்து குரலில் ஒரு சக்தியை இறக்கியிருக்கிறார் என்று. அங்கே பெரிய பாடகர்களையும் பொம்மலாட்டக்காரர்களையும் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். மர்கோனோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளாக நாளாக அவரே பாதி நம்பிவிட்டார்.

டாக்டர் ஹர்தோயோ கிளினிக்கை மூடிவிட்டுச் செமாராங்கில் மகன் வீட்டுக்குப் போனார். மருந்துக்கடையில் புதுச் சீட்டு கேட்டார்கள். வேறு டாக்டரிடம் போய், 'எனக்கு நெஞ்சு அடங்க மாத்திரை வேண்டும், பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறேன்' என்று சொல்ல மர்கோனோவுக்கு வாய் வரவில்லை. ஜாவாக்காரர்கள் இதைச் சுங்கான் என்பார்கள். கூச்சமும் மரியாதையும் வெட்கமும் ஒன்றாகக் கலந்த ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தில்தான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது, ஒரு ஜாவாக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. மாத்திரையை ஒரு நோன்பாக விட்டுவிடலாம். வெள்ளைச் சோறும் தண்ணீரும் மட்டும், உப்புகூடக் கிடையாது. மூன்று நாள். முடிவில் மாத்திரையும் போய்விடும், ஊர் சொல்கிற சக்தியும் உண்மையாகவே வந்துவிடும்.

இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டியது, விரல்கள் ஆடின. தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குள் யாரோ காமெலான் இசைக் கருவிகளை வாசிப்பது கேட்டது.

"பாக்னே, மொகம் வெளுத்துக் கெடக்கு. காத்து புகுந்திருக்கு. வாங்க, முதுகைச் சொரண்டிவிடறேன்" என்றாள் ருஸ்மினி. பிள்ளைகளின் அப்பா என்ற பொருளில் பாக்னே என்றுதான் அவள் அவரைக் கூப்பிடுவது. உடம்புக்கு எது வந்தாலும் அங்கே முதல் சந்தேகம் காற்றின்மேல்தான். தைலம் தடவிக் காசின் விளிம்பால் முதுகைச் சுரண்டினால் அது வெளியேறிவிடும்.

"காத்து இல்ல, திக்" என்றார் அவர். மனைவியைத் தங்கை என்று அழைப்பது அவர் வயதுக்காரர்களின் வழக்கம். "சோதனை. நோன்பு முடிவு நெருங்கினா இப்படித்தான் சோதிக்கும். மோட்டாருக்குள்ள வாசிக்கறாங்க, கேக்குதா?"

"எனக்கு மோட்டாருதான் கேக்குது."

"உனக்குக் கேக்காது."

இந்தப் பெருமையோடுதான் அவர் மறுநாள் அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் எல்லாவற்றையும் கேட்டார்கள். மறுபடி மாத்திரை கொடுத்து நடுக்கத்தை அடக்கினார்கள். அந்த வாரமே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே போவதைவிடச் செத்துப்போவது மேல் என்று மர்கோனோவுக்கு இருந்தது. ஊரில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு அவர் போயிருக்கிறார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை ஒருவர் பார்த்தால் போதும். அதனால் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, கண்ணாடியையும் இறக்கிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ருஸ்மினி தலையைக் குனிந்துகொண்டு, வந்த சிரிப்பை அடக்கினாள்.

சீட்டுக் கொடுக்கிற பெண் பெயர் கேட்டாள்.

"மர்கோனோ" என்றது ஹெல்மெட்.

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். "பாக் மர்கோனோ! நீங்கதானே எங்கக்கா கல்யாணத்துக்குப் பேசினீங்க? குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு! எங்கம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க!" பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மர்கோனோ ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இனி அதனால் என்ன பயன்.

டாக்டர் நிங்ரும் என்பவர் நாற்பதை எட்டாத பெண். மெல்லிய குரலில், தூக்கம் போதாதவர்போலப் பேசினார்.

"யாரு பாக் நிறுத்தச் சொன்னது?"

"நானேதான். நோன்பிருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தென்னை மரத்து உச்சியில இருக்கறவன் கையை விட்டாலும் கீழதான் வருவான். சீக்கிரமாவே வருவான்."

"அப்ப மறுபடியும் மாத்திரைன்னா, நோன்பு முறிஞ்ச மாதிரிதானே?"

"அது நோன்பே இல்ல. பதினோரு வருஷமா மாத்திரை வேலை பாத்ததுல, அமைதியா இருக்கற வேலையை உங்க மூளை மறந்துடுச்சு. திடீர்னு மாத்திரையை எடுத்தா அதுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. மறுபடி கத்துக்க மாசக்கணக்காகும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும்."

"நான் போதைக்காரன்னு சொல்றீங்களா? ரோட்டோரத்துல மாத்திரை வாங்கற பசங்க மாதிரி?"

"அவங்க சீட்டில்லாம வாங்கினாங்க, நீங்க சீட்டோட வாங்கினீங்க. மூளைக்குச் சீட்டு படிக்கத் தெரியாது, பாக்."

ருஸ்மினி தலையை ஆட்டினாள். மர்கோனோ மடியிலிருந்த ஹெல்மெட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் கேட்க வந்தது வேறு. "மாத்திரை இல்லாம எனக்குக் குரல் வருமா?"

"எந்தக் குரல்?"

"எல்லாரும் கூப்பிடற குரல். மெதுவான குரல்."

டாக்டர் பொய் சொல்லவில்லை. "அது உங்களோடதா, மாத்திரையோடதான்னு எனக்குத் தெரியல. எறங்கின பிறகுதான் தெரியும்."

மருந்துக்கடையில் மாத்திரைகளைக் கல்வத்தில் அரைத்துப் பொடியாக்கி, சின்னக் காகிதங்களில் மடித்துக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு அப்படித்தான் மருந்து கொடுப்பது அங்கே வழக்கம். டாக்டர் அதையே மர்கோனோவுக்கு எழுதியிருந்தார். முதலில் பழைய மாத்திரையின் இடத்தில் நிதானமாக வேலை செய்யும் இன்னொன்றைக் கொண்டுவந்தார். பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை பொடியில் மருந்தைக் கொஞ்சம் குறைத்தார். பொட்டலம் எப்போதும் ஒரே அளவுதான். எவ்வளவு மருந்து, எவ்வளவு மாவு என்று கண்ணுக்குத் தெரியாது. மர்கோனோ நாக்கு நுனியில் கசப்பை எடைபோட்டுப் பார்ப்பார். "கொறைச்சுட்டாங்க" என்பார். சில சமயம் குறைக்காதபோதும் சொல்வார்.

அடுத்து, ஆண்டின் முதல் மாதமான சூரோ வந்தது. அந்த மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வேலை இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு முறை குறைத்தபின்னும் சில நாள் கழித்து அலை வரும். சேவல் கூவினால் கன்னத்தில் அறைந்ததுபோல இருக்கும். தரை படகுபோல அசையும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு காரணமும் இல்லாமல், இப்போதே ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு சொல்லும். எதுவும் நடக்காது. மறுநாளும் நெஞ்சு அதையே சொல்லும். ருஸ்மினி காசை எடுத்துக்கொண்டு வருவாள். காற்று இல்லை என்று இருவருக்கும் இப்போது தெரியும். ஆனாலும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு படுப்பார், அவள் சுரண்டுவாள். புலிக்கோடுகள்போல முதுகு சிவக்கும். அதில் அரைமணி நேரம் கண்ணயர்வார்.

மூன்றாம் மாதமான முலுத்தில் ஒரு மதியம், அலை பெரிதாக வந்தது. பொட்டலங்கள் ருஸ்மினியின் பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

"திக், நாளைக்குள்ளதை இன்னிக்கே குடு."

"நாளைக்கு என்ன செய்வீங்க?"

"நாளன்னிக்குள்ளது."

"அப்படியே போனா ரஜபுக்குள்ளதை இந்த மாசமே தின்னு தீத்துடுவீங்க."

"குடுடீ!"

அந்த வீட்டில் இதுவரை கேட்காத சொல் அது. ஜாவா மொழியில் கணவன் மனைவியிடம் அப்படிப் பேசுவது, அதிலும் உயர்ந்த சொற்களை விற்றுப் பிழைக்கிற ஒருவர் பேசுவது, கைநீட்டி அடித்ததற்குச் சமம். மர்கோனோவே தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

ருஸ்மினி அழவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மூடியையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். "மருந்தோட சேத்து மரியாதையையும் கொறைக்கச் சொன்னாங்களா டாக்டர்? எடுத்துக்குங்க. நான் ஒங்க பெண்டாட்டி, காவல்காரி இல்ல." செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மர்கோனோ டப்பாவின் முன்னால் உட்கார்ந்தார். கை ஒரு தடவை உள்ளே போய் ஒரு பொட்டலத்தைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே இருந்தது. ஒன்றைப் பிரித்தால் போதும், சாயங்காலம்வரை உலகம் பஞ்சாகிவிடும். நாளைக்கு டாக்டர் சொன்ன மரத்தில் இன்னும் மேலே இருப்பார். வியர்வை தாடையிலிருந்து மேஜைமேல் சொட்டியது. பிற்பகல் தொழுகைக்கு அழைத்தார்கள். அந்த ஒலிபெருக்கி மண்டைக்குள் இரும்பைத் தேய்த்தது. அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்த வேண்டுமானால் கையை டப்பாவிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் அதோடு ஒரு பொட்டலமும் வந்துவிடும் என்று பயந்தார்.

ருஸ்மினி திரும்பி வந்தபோது அவர் அப்படியே இருந்தார். அவள் டப்பாவுக்குள் பார்க்கவில்லை. அவர் கையை எடுத்து வெளியே வைத்துவிட்டு மூடியைப் போட்டாள்.

"மன்னிச்சுக்க, திக்."

"சோறு போடறேன்." தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமான புதுசுல நீங்க எப்படிப் பேசுவீங்க தெரியுமா? ரயிலைப் பிடிக்க ஓடறவன் டிக்கெட் கேக்கற மாதிரி. பாதி எனக்குப் புரியாது. எங்கம்மா சொன்னா, பையன் நல்லவன், ஆனா அவன் வாய்க்கு பிரேக் இல்லைன்னு."

"அதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"மெதுவாப் பேச ஆரம்பிச்சதும், வயசாச்சு, பக்குவம் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

மர்கோனோவுக்கு அன்றைக்குத்தான் டாக்டரிடம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. அவர் விரும்பிய விடை அல்ல. மெதுவான குரல் மாத்திரையுடையது. மாத்திரை இறங்க இறங்க, ருஸ்மினி சொன்ன அந்த அவசரக்காரன் மேலே ஏறி வந்துகொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயதில் அவனை வைத்துக்கொண்டு எந்த மேடையில் ஏறுவது? குமாஸ்தா வேலையில் ஓய்வு வாங்கியாயிற்று. மைக்கை விட்டால் அவர் யார்?

வேலையும் வரவில்லை. ஜார்வோ ஒருநாள் வந்து உட்கார்ந்து, கிண்டலும் வருத்தமுமாகச் செய்தி சொன்னான். ஜார்வோ அவரைப் பாக்டே என்பான், பெரியப்பா. சொந்தம் இல்லை, பழக்கம்.

"ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா பாக்டே? ஒங்க குரல்ல இருந்த சக்தி அரிசி ஆலைக்காரர் வீட்டு சூப்பைக் குடிச்சுட்டு, நல்லாருக்கேன்னு அங்கயே தங்கிடுச்சாம்."

"உப்பு அதிகம் அந்த சூப்புல" என்றார் மர்கோனோ. பல மாதங்களுக்குப் பிறகு ருஸ்மினி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஏழாம் மாதமான ரஜபில் பள்ளிக்கூடக் காவலாளி துகிமின் வந்து கதவைத் தட்டினார். மகனுக்குக் கல்யாணம். மறைத்துப் பேசத் தெரியாதவர். "நல்ல நாளாப் போச்சு, பாக். எல்லா பம்பிவாராவையும் வேற வேற வீட்டுக்காரங்க பிடிச்சுட்டாங்க. நீங்கதான் மிச்சம்."

மர்கோனோ டாக்டரிடம் போய்க் கேட்டார். அப்போது பொடியில் மருந்து நாலில் ஒரு பங்குக்கு வந்திருந்தது. "போறதும் போகாததும் ஒங்க விருப்பம். அந்த வாரம் அளவைக் குறைக்கவேண்டாம், கூட்டவும் வேண்டாம்" என்றார் நிங்ரும். "நடுங்கும். நடுங்கறதால செத்துப்போக மாட்டீங்க. அதிகமா ஒண்ணு போட்டுக்கிட்டா அன்னிக்கு நல்லா இருக்கும், அடுத்த கல்யாணத்துக்கும் அது வேணும்னு தோணும். அப்புறம் மறுபடி மொதல்லேர்ந்து தொடங்கணும். இன்னொரு தடவை ஒங்களால முடியுமான்னு நீங்கதான் யோசிக்கணும்."

முடியாது என்று மர்கோனோவுக்குத் தெரியும். டப்பாவின் முன்னால் உட்கார்ந்த மதியம் அவருக்கு மறக்கவில்லை.

கல்யாணத்தன்று மேடைக்குப் பின்னால், துணித் திரையின் ஓரத்தில் ஜார்வோ அவர் கையைப் பிடித்தான். அது நடுங்குவதைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் மடித்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

"எங்க அத்தையோடது. தூங்கறதுக்குப் போடுவா. அதே மாத்திரைதான், கடைக்காரனைக் கேட்டுட்டேன். பாதி போதும் பாக்டே. இன்னிக்கு ஒரு நாள். அந்தப் பழைய குரலை ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா ஊர் வாயை மூடிக்கும். அப்புறம் உட்டுடுங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. கெடுக்க நினைக்கிறவனாக இருந்திருந்தால் திட்டியிருக்கலாம். மர்கோனோ ஏதோ சொல்லப் போனார், அதற்குள் வெளியே மணப்பெண் வந்துவிட்டாள். மைக்கை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனார். இடது கை மைக்கைப் பிடித்திருந்தது. வலது கை முஷ்டிக்குள் மாத்திரை.

பேசத் தொடங்கினார். டிக்கெட் கேட்கிறவன் பேசினான். விருந்தாளிகளை வரவேற்றான், மணமக்களின் பெற்றோர் பெயரைச் சொன்னான், பெண்ணும் மாப்பிள்ளையும் வெற்றிலைச் சுருளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்வதன் பொருளைச் சொன்னான். சொற்களில் பிழை இல்லை. ஆனால் எல்லாம் ஓடின. தேநீர்க் கோப்பைகள் இன்னும் பாதி காலியாகவில்லை, வரவேற்புரை முடிந்துவிட்டது. மர்கோனோ சூப்புக்கான வாக்கியத்தைச் சொன்னார். யாரும் வரவில்லை. திரையை விலக்கித் தட்டுத் தூக்கும் பையன் ஒருவன் தலையை நீட்டினான்.

"பாக், சூப் இன்னும் கொதிக்கவே இல்ல!"

மைக் அதையும் பிடித்துப் பந்தல் முழுக்கச் சொன்னது.

முந்நூறு முகங்கள். தலைக்கு மேலே விளக்குகள் இரையத் தொடங்கின. இடது கை நடுங்கி மைக் கோட்டுப் பொத்தானில் இடித்தது. இப்போதே ஏதோ நடக்கப்போகிறது என்றது நெஞ்சு. வலது முஷ்டிக்குள் கட்டைவிரல் வெள்ளித்தாளைப் பிரித்துவிட்டிருந்தது, அவருக்குத் தெரியாமலே. இருமுவதுபோல வாயில் கை வைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. முஷ்டி மார்புவரை வந்தது.

அங்கேயே நிறுத்தி, மர்கோனோ பேசினார். "கை நடுங்குது எனக்கு" என்றார், விருந்தாளிகளுக்குரிய பணிவான மொழியில். "எல்லாருக்கும் கேக்குது, மறைக்க முடியல. ஒண்ணு கவனிச்சீங்களா? நாம சாப்பிடறதுக்கு மூணு சொல் வச்சிருக்கோம், தூங்கறதுக்கு மூணு, நடக்கறதுக்கு மூணு. நடுங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். ராஜா நடுங்கினாலும் அதே சொல்தான், காவலாளி நடுங்கினாலும் அதே சொல்தான். முன்னோருங்க யோசிச்சிருக்காங்க. நடுங்கறப்போ சொல்லைத் தேடிக்கிட்டு நிக்க முடியாதுன்னு."

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "மாப்பிள்ளையைப் பாருங்க பாக்! இடுப்புல கிரிஸ் கத்தி ஆடறதை!"

உண்மையாகவே ஆடியது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தான், மணப்பெண் சிரித்துவிட்டாள், பந்தலே சிரித்தது. மர்கோனோ மாப்பிள்ளையை விசாரித்தார், துகிமின் தன் கல்யாணத்தன்று எப்படி நடுங்கினார் என்று அவர் மனைவியை விசாரித்தார். இதெல்லாம் எந்தப் பம்பிவாராவும் செய்வதில்லை. நடுக்கம் நிற்கவில்லை. அதோடேயே பேசிக்கொண்டிருந்தார். சூப் வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. அவசரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டார். அந்த மனிதர் ஐஸ் சாப்பிடாமலே எழுந்துபோனார். கல்யாணம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக முடிந்து, விருந்தாளிகளை ஏற்றிப்போக வேண்டிய வண்டிகள் வராமல் பலர் வெயிலில் நின்றார்கள். அவர்களில் ஓர் அம்மாள் அவர் காதுபடவே சொன்னாள்: "பழைய மர்கோனோன்னா நான் ரெண்டு தூக்கம் போட்டு எழுந்திருப்பேன். இன்னிக்கு ஒண்ணுகூடப் போட முடியல." அது குறையா பாராட்டா என்று ருஸ்மினியாலும் சொல்ல முடியவில்லை.

ஜார்வோ கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மர்கோனோ அவன் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"போட்டீங்களா பாக்டே?"

மர்கோனோ கையை விரித்தார். வியர்வையில் மாத்திரை கரைந்து, ரேகைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வாளித் தண்ணீரில் கையை முக்கிக் கழுவினார்.

"அத்தை எத்தனை வருஷமாப் போடறாங்க?"

"மாமா செத்ததுலேர்ந்து. ஏழோ எட்டோ."

"நிறுத்துன்னு மட்டும் சொல்லிடாத. திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு நீ ஒன் வண்டியிலேயே பாத்திருக்க. டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போகணும். நானும் வரேன்."

"அதெல்லாம் கேக்க மாட்டா. அதை மாத்திரைன்னே சொல்ல மாட்டா பாக்டே. வைட்டமின்னுதான் சொல்லுவா."

"நான் குரல்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் மர்கோனோ.

ஜார்வோ ஒலிபெருக்கிப் பெட்டியை வண்டியில் ஏற்றினான்.

"அப்ப நாளைக்குக் காலையில வந்து கூட்டிக்கிட்டுப் போகவா?"

"மத்தியானம் வா. காலையில எனக்கு உடம்பு படுத்தும்."